வெளியே வராத டேப்

"டேப் டிரைவா?" என்று கேட்டு முதல் மூன்று கடைக்காரர்களும் சிரித்தார்கள். நான்காவது கடைக்காரன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து ஷட்டரைப் பாதி இறக்கினான்.

தேசராணிக்கு நம்பிக்கை வந்தது. ரிச்சி தெருவில் பகல் பதினொரு மணிக்கு ஒருவன் ஷட்டரை இறக்குகிறான் என்றால் அவனிடம் சரக்கு இருக்கிறது, அல்லது அவன் அயோக்கியன். அயோக்கியர்களைச் சமாளிப்பது அவளுக்குப் பழக்கம்தான். காசிமேடு துறைமுகத்து வயர்லெஸ் அறையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்து, கடலில் இருக்கும் படகுகளைக் குரலாலேயே மேய்ப்பவள்.

"யாருக்கு?" என்றான் அவன். நாற்பது வயது இருக்கும். கல்லாவுக்கு மேலே நிஜாம் எலெக்ட்ரானிக்ஸ் என்று பலகை.

"எனக்குத்தான்."

"டேப் டிரைவ் வாங்கறது ரெண்டே பார்ட்டி. ஒண்ணு பேங்க், இன்னொண்ணு மிலிட்டரி. நீங்க ரெண்டும் மாதிரி தெரியலையேக்கா."

"மூணாவதா என்னைச் சேத்துக்க. விலை சொல்லு."

"புதுசு பதினெட்டு லட்சம்."

தேசராணி ஷட்டரைப் பார்த்தாள். "இதுக்கா மூடின? தொறந்தே வெச்சு சொல்லியிருக்கலாமே."

"இருங்க, இருங்க. பழசு ஒண்ணு இருக்கு. நான் வித்தேன்னு தெரிஞ்சா அகண்டம் கம்பெனி என் ஏஜென்சியப் புடுங்கிடும். அப்புறம் நான் சார்ஜர் ஒயர் வித்துத்தான் பொழைக்கணும். அதான் கேக்கறேன், எதுக்கு? மாசம் தொண்ணூறு ரூபா கட்டினா அகண்டமே எல்லாத்தையும் வெச்சுக்குதே?"

"வெச்சுக்குது. திருப்பிக் கேட்டா வேற எதையோ கொடுக்குது."

நிஜாமுதீன் முதல் முறையாகச் சிரித்தான். ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினான்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? நூத்துல ஒருத்தர்தான் கண்டுபிடிக்கிறாங்க. இப்பக் கடையில விக்கிற டிஸ்க், பென் டிரைவ், போன் எல்லாத்துக்குள்ளயும் அகண்டத்தோட குட்டி மூளை ஒண்ணு இருக்கு, டேப்புல மட்டும்தான் இல்ல. நாம கொடுக்கறத அது அப்படியே வெச்சுக்காது. 'ஒரு கல்யாணம், அம்பது பேரு, மாப்பிள்ளைக்கு மீசை'ன்னு குறிப்பு எழுதி வெச்சுக்கும். நாம கேட்டா குறிப்பைப் பாத்துப் புதுசா ஒரு கல்யாணத்த வரைஞ்சு நீட்டும். ஆயிரம் வீட்டுச் சாமான் ஒரு பீரோல அடங்கிடுதுல்ல? அதான் இவ்ளோ சல்லிசு."

"கவர்மெண்டு கேக்காதா?"

"கவர்மெண்டுதான் சட்டமே போட்டுச்சு. 2038ல. அகண்டம் கொடுக்கற நகல்தான் ஒரிஜினல்னு." அவன் குரல் இறங்கியது. "எங்க அண்ணனுக்கு இடது கையில ஆறு விரல்க்கா. மவுத்தாகி நாலு வருஷம் ஆச்சு. போட்டோ கேட்டா ஒவ்வொரு தடவையும் அஞ்சு விரலோட கொடுக்குது. கம்ப்ளெயின்ட் பண்ணேன். 'பிழை திருத்தப்பட்டது'ன்னு பதில் வந்துச்சு. யாரு பிழை? எங்கண்ணன் பிழையா?"

தேசராணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். இனி மறைத்துப் பயனில்லை.

"போன ஐப்பசி மழையில கப்பல் இடிச்சு ஒரு போட்டு முழுகிச்சே, ஞாபகம் இருக்கா? நம்பர் எழுநூத்துப் பதினாலு. எட்டியப்பனும் ரெண்டு ஆளுங்களும் போனாங்க."

"பேப்பர்ல பாத்தேன். குடிச்சிட்டுத் தூங்கிட்டாங்கன்னு..."

"அது கப்பல்காரன் சொல்றது. இடிச்சதே தெரியாதாம். போட்டுக்காரன் உதவியே கேக்கலையாம். எட்டியப்பன் பெண்டாட்டி அஞ்சலாட்சி கேஸ் போட்டிருக்கா. அன்னைக்கு வயர்லெஸ்ல வந்த ஒலிய அகண்டத்துல இருந்து எடுத்தாங்க. கோர்ட்டுல போட்டுக் காட்டினாங்க. வெறும் காத்தும் மழையும்தான். கப்பல்காரன் வக்கீல் சிரிக்கறான்."

"கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டான். வாயால இல்ல, மைக் நனைஞ்சு போச்சு. பட்டனத் தட்டினான்." அவள் கல்லாப்பெட்டியின் மேல் விரலால் தட்டிக் காட்டினாள். "இது எங்க ஆளுங்க வழக்கம். பாட்டரி சார்ஜ் குறைஞ்சா பேச மாட்டாங்க. மைக்குப் பட்டன அமுக்கி விடுவாங்க, இங்க ஒரு 'டக்'குன்னு கேக்கும். ஒரு தட்டுன்னா இருக்கேன். ரெண்டு தட்டுன்னா திரும்பி வந்துட்டிருக்கேன். மூணு தட்டுன்னா ஆபத்து. எட்டியப்பன் முப்பத்தெட்டு நிமிஷம் மூணு மூணாத் தட்டியிருக்கான். அகண்டத்துக்கு அது இரைச்சல். துடைச்சு வெச்சிடுச்சு."

"ஒரிஜினல்?"

"எங்க ரூம்ல பழைய வொர்க்ஸ்டேஷன் ஒண்ணு இருக்கு. பதினாலு வருஷத்து மெஷின். குட்டி மூளையெல்லாம் வர்றதுக்கு முன்னால வாங்கினது. அதுக்குள்ள எல்லாம் அப்படியே இருக்கு. நாளைக்குக் காலையில 'பழசுக்குப் புதுசு'ன்னு அகண்டத்து ஆளுங்க அதைத் தூக்கிட்டுப் போறாங்க. திங்கக்கிழமை விசாரணை."

"மெஷினையே தூக்கி ஆட்டோல போட்டுட்டு வந்துடுங்க."

"மீனவர் சங்கத்துச் சொத்து. திருடின மெஷின் சாட்சி செல்லாதுன்னு வக்கீலம்மா சொல்லிட்டா. பழைய சட்டத்துல ஒரே ஒரு ஓட்டை இருக்காம். ஒருதடவை எழுதினா அழிக்க முடியாத டேப்புல இருந்தா அதை மூலமா ஏத்துக்கலாம். அந்த மாசத்துப் பதிவு முழுக்க இருக்கணும். ஒரு நாளை மட்டும் எடுத்தா வெட்டி ஒட்டினதுன்னுவாங்க. யாரும் டேப் வாங்க முடியாதுன்னு அந்த ஓட்டைய அடைக்காம விட்டுட்டாங்க."

நிஜாமுதீன் உள்ளே போனான். அட்டைப்பெட்டிகள் சரிந்த சத்தம் கேட்டது. செங்கல் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டியோடு திரும்பினான்.

"பேங்க் ஏலத்துல வந்தது. ரெண்டரை லட்சம்."

"என்கிட்ட நாப்பத்தோராயிரம் இருக்கு."

"அக்கா, நான் எங்கண்ணன் கதையச் சொன்னது விலையக் குறைக்கறதுக்கு இல்ல."

"நானும் எட்டியப்பன் கதையச் சொன்னது விலையக் குறைக்கத்தான்னு சொல்லல. குறைக்க முடியுமா முடியாதான்னு நீயே சொல்லு."

அவன் பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு அதை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போனான். தேசராணி எழுந்துவிட்டாள். வேறொரு பெட்டியோடு வந்தான், மூலையில் நசுங்கியது.

"இதைக் குப்பைக்குப் போடணும்னு வெச்சிருந்தேன். எழுதும். படிக்கும். ஆனா துப்பற மோட்டார் போச்சு. டேப் உள்ள போனா வெளிய வராது. ஒரு கம்பெனிக்காரன் வாங்கிட்டுப் போய், மூணு டேப்ப அதுக்குத் தின்னக் கொடுத்து, ஒவ்வொண்ணையும் துண்டு துண்டாப் பிச்சுத்தான் வெளிய எடுத்து, என்னைத் திட்டிட்டுத் திருப்பிக் கொடுத்தான்."

"எழுதுமா?"

"எழுதும்னேனே."

"படிக்குமா?"

"படிக்கும். ஆனா டேப் வெளிய..."

"வெளிய எதுக்குடா வரணும்? எனக்கு வேண்டியது ஒரே ஒரு டேப். உள்ளயே கிடக்கட்டும். பெட்டியோட கோர்ட்டு மேசையில வைக்கறேன்."

நிஜாமுதீன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். எட்டு வருஷமாக அந்தப் பெட்டியைப் பழுதானது என்றே பார்த்தவன் அவன்.

"முப்பத்தஞ்சு கொடுங்க," என்றான். "அழிக்க முடியாத டேப்பும், மெஷின்ல சொருகற கார்டும் நான் தர்றேன். நானே வந்து மாட்டறேன். உங்களுக்கு மாட்டத் தெரியாது."

*

வயர்லெஸ் அறை துறைமுக ஏலக்கூடத்துக்கு மேலே, மாடியில் இருந்தது. ஒரு ஜன்னலைத் திறந்தால் கடல், இன்னொன்றைத் திறந்தால் ஐஸ் உடைக்கும் சத்தம். நிஜாமுதீன் வொர்க்ஸ்டேஷனின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளிருந்து ஒரு கரப்பான் நிதானமாக நடந்து வெளியேறியது.

"உங்க சர்வீஸ் இன்ஜினீயர் போறார்," என்றான்.

கார்டு பொருந்த ஒரு மணி நேரம் ஆயிற்று. டேப் உள்ளே போகும்போது ஒரு முனகல் கேட்டது. பிறகு பச்சை விளக்கு எரிந்தது. திரையில் 'மீதம்: 1 மணி 50 நிமிடம்' என்று வந்தபோது மணி நாலு பத்து.

நாலே காலுக்குக் கதவைத் தட்டினார்கள்.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் அகண்டம் அடையாள அட்டை. கூடவே புதுக் கணினியைச் சுமந்துகொண்டு இரண்டு ஆட்கள். "வணக்கம் மேடம். நவநீதன். நாளைக்கு எங்களுக்கு வேற சைட் வந்துடுச்சு. அதனால இன்னைக்கே முடிச்சிடலாம்னு வந்தோம். பத்து நிமிஷ வேலை."

"நாளைக்குக் காலையிலன்னுதான் கடுதாசி வந்திருக்கு."

"சங்கத் தலைவர்கிட்டப் பேசிட்டேன் மேடம். அவருக்கு ஓகே." நவநீதனின் கண் மேசைக்குப் போனது. "அது என்ன பெட்டி?"

"ஸ்டெபிலைசர் சார்," என்றான் நிஜாமுதீன்.

"ஸ்டெபிலைசர் ஏன் கிர்ருங்குது?"

"வோல்டேஜ் சரியில்ல சார், அதான்."

நவநீதன் சிரித்தான். நல்ல பையன்தான். அதுதான் ஆபத்தாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "மேடம், உங்களைப் பாக்கணும்னே வந்தேன். எங்க டிரெயினிங்ல உங்க குரல்தான் பாடம் தெரியுமா? அந்த எழுநூத்துப் பதினாலு விபத்து அன்னைக்கு நீங்க பேசினது."

போனைத் தட்டினான். மழைச் சத்தத்துக்கு நடுவே தேசராணியின் குரல் வந்தது. சந்தேகமே இல்லாமல் அவள் குரல். "அனைத்துப் படகுகளும் கவனிக்கவும். வானிலை மோசமாக உள்ளது. தயவுசெய்து பாதுகாப்பான இடத்துக்குத் திரும்புங்கள்."

"எவ்ளோ பொறுப்பு!" என்றான் நவநீதன். "இதைக் கேட்டுத்தானே கலெக்டர் உங்களுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்?"

நிஜாமுதீன் அவளைத் திரும்பிப் பார்த்தான். தேசராணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீதம்: 1 மணி 41 நிமிடம்.

"பிளக்கை எடுத்துடலாமா?"

"தொட்டுப் பாரு," என்றாள் தேசராணி.

"மேடம்?"

"கடல்ல முப்பத்தேழு போட்டு இருக்கு. சாயங்கால ஆஜர் எடுக்கணும். இருக்கானா செத்தானான்னு ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்து, இந்த மெஷின்ல பதிவாகணும். அது முடியறதுக்குள்ள இதுல ஒரு ஒயரத் தொட்டியானா, எவனுக்கு என்ன ஆனாலும் நான்தான் பொறுப்புன்னு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுத் தொடு. பேனா தரட்டுமா?"

நவநீதன் பேனாவைப் பார்த்தான். "ஆஜர் எவ்வளவு நேரம் ஆகும்?"

"சட்டுனு முடிஞ்சிடும்," என்று மைக்கை எடுத்தாள்.

வழக்கமாக இருபது நிமிஷ வேலை. படகு எண், ஆழம், எல்லாரும் நலம், ஓவர். அவ்வளவுதான்.

"காசிமேடு கண்ட்ரோல். சாயங்கால ஆஜர். நூத்திப் பன்னெண்டு, இருக்கியா?"

"இருக்கோம்க்கா. இருபத்திரெண்டு பாகம் ஆழம். எல்லாரும் நல்லாருக்கோம். ஓவர்."

"என்ன மீனு?"

கரகரப்பு. "...இன்னாக்கா?"

"என்ன மீனு பட்டுச்சுன்னு கேட்டேன்."

"சங்கராக்கா. கொஞ்சம் கடம்பா."

"கடம்பா எவ்ளோ பெருசு?"

"அக்கா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. இன்னைக்குக் குழம்பு யாரு வெச்சது?"

நூற்றுப் பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம். அடுத்த படகின் ஓட்டுநருக்குப் பெண் பார்த்த விஷயம், ஒன்பது நிமிஷம். மூன்றாவது படகின் முறை வருவதற்குள் செய்தி எப்படியோ பரவிவிட்டது. ராணியக்காவுக்கு நேரம் வேண்டும், ஏன் என்று கேட்காதே. ஒருவன் ஓட்டை விழுந்த ரேடியேட்டரைப் பற்றி விளக்கினான். ஒருவன் தன் கால் ஆணியை விவரித்தான். நவநீதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மீதம்: 58 நிமிடம்.

எட்டுப் படகுகள்தான் முடிந்திருந்தன. நவநீதன் எழுந்தான். "மேடம், இது வேணும்னே..."

தேசராணி கடைசி ஆயுதத்தை எடுத்தாள்.

"முன்னூத்தி எட்டு, நீ நேத்து ஐநூத்தி ஒண்ணோட வலைய அறுத்தியாமே?"

கடலே வெடித்தது.

"யாரு அறுத்தது? அவன்தான் என் வலை மேல வலையப் போட்டான்!"

"அடேய், வலைக்கு அடையாளமா மிதக்கவிட்ட பாயாவ நகத்தினவன் எவன்டா? கரைக்கு வாடா, காட்டறேன்!"

வலைச் சண்டையில் தீர்ப்புச் சொல்வதும் வயர்லெஸ் அறையின் வேலை. யாரும் அதை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. இரண்டு பக்கமும் பேசி ஓயும்வரை நடுவர் மைக்கைக் கீழே வைக்கக் கூடாது, அவ்வளவுதான். இருவரும் ஓயவில்லை. சாட்சி சொல்ல மற்ற படகுகள் நுழைந்தன. பழைய கணக்குகள் எல்லாம் வெளியே வந்தன, ஒரு மச்சினன் திருமணத்தில் மொய் எழுதாத சங்கதி உட்பட. நவநீதன் தன்னை அறியாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "முன்னூத்தி எட்டு மேலதான் மேடம் தப்பு," என்றுகூடச் சொல்லிவிட்டான்.

சரியாக ஆறு மணிக்குப் பச்சை விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலைத்தது. நிஜாமுதீன் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். எழுதியது சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்தால்தான் தெரியும். டேப் சுழன்று, அந்தத் தேதிக்குப் போய், அந்த மணிக்குப் போய் நின்றது.

மழை. காற்று. டக், டக், டக்.

அவன் முகம் மலர்ந்தது. தேசராணிக்குக் கட்டைவிரலைக் காட்டினான். இடைவெளி விட்டு மறுபடியும் டக், டக், டக். துல்லியமாக இருந்தது. ஒரு மனிதன் தண்ணீருக்குள் நின்றுகொண்டு எண்ணித் தட்டுகிறான்.

பிறகு ஒரு பெண்குரல்.

"எவன்டா அது பட்டன நோண்டறது? மூணு நாளா இதே ரோதனை. கரைக்கு வா, கைய உடைச்சிடறேன். லைன விடு, கழுதை."

மழை. நீண்ட மழை. பிறகு தயக்கமாக, மெதுவாக, மன்னிப்புக் கேட்பது போல: டக், டக், டக்.

நிஜாமுதீன் ஹெட்போனைக் கழற்றினான். நவநீதன் வலைச் சண்டையில் மூழ்கியிருந்தான்.

"அக்கா," என்றான் மெதுவாக. "இதுல உங்க குரல்..."

"முழுசா கேட்டியா?"

"கேட்டேன்."

"கழுதைன்னு வருதா?"

"வருதுக்கா."

"அப்ப சரியா எழுதியிருக்கு," என்றாள் தேசராணி. மைக்கில் சொன்னாள்: "முன்னூத்தி எட்டு, பாதி வலைக்கு நீ காசு கொடு. பேச்சு முடிஞ்சது. ஓவர்."

*

நவநீதன் பழைய மெஷினை எடுத்துக்கொண்டு போன பிறகு, பெட்டியோடு மாடிப்படியில் இறங்கும்போது நிஜாமுதீன் கேட்டேவிட்டான். "அகண்டம் உங்களைக் காப்பாத்தி வெச்சிருக்குக்கா. அந்தத் தமிழ் டீச்சர் மாதிரிப் பேசற குரல். பத்திரம் வேற கொடுத்திருக்காங்க. இந்த டேப் போனா உங்க வேலை போயிடும். வேலை மட்டுமா? உள்ள போட்டாலும் போடுவான்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

தேசராணி நின்றாள். ஏலக்கூடத்தில் கடைசி மீனுக்கு யாரோ விலை கத்திக்கொண்டிருந்தான்.

"புதுசா வந்த ரெண்டு போட்டுப் பசங்க மூணு நாளா பட்டன்ல பாட்டுத் தாளம் போட்டுட்டிருந்தானுங்க. அவனுங்கன்னு நெனச்சேன். சத்தத்தைக் கொறைச்சிட்டு டீ குடிச்சேன். முப்பத்தெட்டு நிமிஷம். நானும் அந்தக் கப்பல்காரனும் ஒரே மாதிரி கேட்டுட்டு உக்காந்திருந்தோம். ரெண்டு நாள் கழிச்சு, அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு பாக்கலாம்னு அகண்டத்துல போட்டேன். 'தயவுசெய்து'ன்னு வருது." அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் என் ஜென்மத்துல வயர்லெஸ்ல தயவுசெய்துன்னு சொன்னதில்ல நிஜாமு. அப்பத்தான் தெரிஞ்சுது, என்னைத் துடைச்ச கையே அவனையும் துடைச்சிருக்குன்னு. என் தப்பு இருந்தாத்தான் அவன் கூப்பிட்டது இருக்கும். ஒண்ண மட்டும் தனியா எடுக்க முடியாது."

நிஜாமுதீன் பெட்டியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

*

திங்கட்கிழமை கடல்சார் தீர்ப்பாயத்தில் கப்பல் கம்பெனியின் வக்கீல் எழுந்து, "இது என்ன, பழைய இரும்புக் கடைச் சாமானா?" என்றார். டேப்பை வெளியே எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்று மனு கொடுத்தார். எடுக்க முடியாது என்று தெரிந்ததும், "அப்படியானால் இதை யாரும் மாற்றியிருக்கவும் முடியாது, இல்லையா?" என்று நீதிபதி கேட்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

முப்பத்தெட்டு நிமிஷமும் ஓடியது. யாரும் நடுவில் நிறுத்தச் சொல்லவில்லை. பத்தொன்பதாவது நிமிஷத்தில் கப்பலின் அதிகாரி, அதே அலைவரிசையில் மைக் பட்டனை அமுக்கியபடியே, ஆங்கிலத்தில், "எவனோ மீன்காரன் ரேடியோவை வைத்து விளையாடுகிறான், விடு," என்று இன்னொருவனிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. அந்த ஒரு வரிக்கே வழக்கு முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே, நாலாவது நிமிஷத்தில் ஒலித்த குரல் யாருடையது என்று நீதிபதி கேட்டிருந்தார்.

"என்னுது," என்றாள் தேசராணி சாட்சிக் கூண்டில். "நான்தான் திட்டினேன். நான்தான் சத்தத்தைக் கொறைச்சேன்."

முதல் வரிசையில் அஞ்சலாட்சி அசையாமல் இருந்தாள். இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒலி முடிந்ததும் எழுந்தாள். தேசராணியைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். போனாள். பார்க்கவில்லை.

நஷ்டஈடு தீர்ப்பானது. சங்கம் தேசராணியை வேலையிலிருந்து நிறுத்தியது. போலீஸ் ஒரு தடவை கூப்பிட்டு விசாரித்தது, இன்னொரு தடவை கூப்பிடும் என்றது. பாராட்டுப் பத்திரத்தை அவளே கொண்டுபோய்க் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தாள். திரும்ப வாங்கிக்கொள்ளப் படிவம் இல்லை என்றார்கள். மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து அஞ்சலாட்சி அவள் வீட்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு கவர்.

"படி," என்றாள்.

தீர்ப்பின் சான்றிட்ட நகல். தீர்ப்பாயத்தின் பதிவுகளும் அகண்டத்தில்தான் இருக்கின்றன என்பதை யாரும் யோசிக்கவில்லை. தேசராணி வாசித்தாள். தொகை சரியாக இருந்தது. பெயர்கள் சரியாக இருந்தன. 'படகிலிருந்து சிறிது நேரம் சமிக்ஞை வந்திருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது. வயர்லெஸ் இயக்குநர் உரிய நடைமுறையைப் பின்பற்றினார்.'

"முப்பத்தெட்டு நிமிஷம் எங்க?" என்றாள் அஞ்சலாட்சி.

தேசராணி செருப்பை மாட்டினாள்.

*

பதிவறை எழுத்தர் வேதகிரி ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தவர். நகலை வாங்கிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு? பணம் வந்துடுச்சுல்ல?"

"வந்துடுச்சு. தீர்ப்பு வரல," என்றாள் அஞ்சலாட்சி.

"நான் கோர்ட்டுல சொன்னது இதுல இல்ல," என்றாள் தேசராணி.

எழுத்தர் கண்ணாடியை மேலேற்றி அவளை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்களாம்மா அது? உங்களுக்கு நல்லதாத்தானே மாத்தியிருக்கு? இதைக் காட்டினா வேலைகூடத் திரும்பக் கிடைக்குமே."

"நல்லதா மாத்துன்னு நான் கேட்டனா? அந்தப் பெட்டி உங்க சாட்சி அறையில இருக்கு. ஜட்ஜையா தீர்ப்புச் சொன்னது இதே கட்டடத்துலதான். கையால எழுதிக் கொடுங்க."

"கையாலயா? அதெல்லாம் நிறுத்தி எத்தனை வருஷமாச்சு?"

"எழுதக் கூடாதுன்னு விதி இருக்கா?"

எழுத்தர் யோசித்தார். எழுந்துபோய் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். தும்மினார். மறுபடி புரட்டினார்.

"இல்ல," என்றார் ஆச்சரியத்தோடு. "கூடாதுன்னு இல்ல."

பின்னால் பெஞ்சில் இரண்டு பெண்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. இடம் அவ்வளவுதான். எழுத்தர் நீதிபதியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வர ஒன்றரை மணி நேரம் ஆனது.

"நான் உன்ன மன்னிக்கல," என்றாள் அஞ்சலாட்சி, சுவரைப் பார்த்தபடி.

"நான் கேக்கவும் இல்ல."

"எப்பவும் மன்னிக்க மாட்டேன்."

"சரி."

எழுத்தர் வந்து உட்கார்ந்தார். பெரிய தாள் எடுத்தார். பேனாவை உதறி, மூலையில் கிறுக்கிப் பார்த்தார். நீதிபதி சொல்லியனுப்பிய உத்தரவு வரிகளை எழுதினார், முப்பத்தெட்டு நிமிடம் என்பதை எண்ணாலும் எழுத்தாலும். அஞ்சலாட்சி எழுந்து வந்து அந்த இடத்தில் மை காயும்வரை நின்றாள்.

"இப்போ உங்க வாக்குமூலம்," என்றார் எழுத்தர். "சொல்லுங்க."

தேசராணி சொன்னாள். அவர் பேனா பாதியில் நின்றது.

"இதை அப்படியேவாம்மா? 'கண்டித்தார்'னு போட்டுக்கலாமே?"

"வேணாம். 'எவன்டா'ல இருந்து எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அஞ்சலாட்சி தாளின் மேல் குனிந்திருந்தாள்.

"கழுதைன்னு சொன்னா," என்றாள் எழுத்தரிடம். "அதை விட்டுட்ட. எழுது."